கொம்பு சொல்லாத வயது

இயற்கையில் முதுமை என்பதே இல்லை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயிரியலாளரிடையே வேரூன்றியிருந்தது. காட்டு விலங்கு எதுவும் மூட்டுத் தளர்ந்து பல் தேய்ந்து சாகும்வரை விட்டுவைக்கப்படுவதில்லை, பசியோ நோயோ கொன்றுண்ணியோ அதற்கு முன்பே அதன் கதையை முடித்துவிடும் என்று அவர்கள் கருதினர். 2013இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று 175 விலங்கினங்களில், அவை சுதந்திரமாக வாழும் சூழலிலேயே, முதுமைத் தளர்ச்சி பதிவாகியுள்ளதைத் தொகுத்துக் காட்டியபின் அந்த எண்ணம் நிற்க இடமின்றிப் போயிற்று. முதுமைத் தளர்ச்சி என்பது, வயது ஏற ஏற ஓர் உயிர் அடுத்த ஆண்டைக் காணும் வாய்ப்புக் குறைந்துகொண்டும், அதன் இனப்பெருக்கத் திறன் தேய்ந்துகொண்டும் வருவதைக் குறிக்கும். இத்தளர்ச்சி இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒரே விலங்கைப் பிறப்பு முதல் இறப்பு வரை விடாது பின்தொடர்ந்தவர் மிகச் சிலர், மனிதரின் வேட்டை நடந்த நிலங்களிலோ பின்தொடர்வதற்கு முதிய விலங்கே மிஞ்சவில்லை.

இவ்விரண்டு காரணங்களையும் ஒருசேர விளக்கக்கூடிய உயிர் ஆண் மான். அதன் தலையில் ஆண்டுதோறும் புதிதாக முளைக்கும் கொம்பு பார்ப்பவருக்கு அதன் வயதை அறிவிப்பதுபோலத் தோன்றுகிறது. வேட்டைக்காரரின் துவக்கை அதன்பால் ஈர்ப்பதும் அதே கொம்புதான். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ4 வீதியில் அவிசாவளையைக் கடந்தபின் வரும் எஹலியகொட, இக்கதையை நிறுத்திப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். இறப்பர் மலைகளும் தேயிலைத் தோட்டங்களும் வயல்களும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்து வரும் இப்பகுதியில் காடு துண்டு துண்டாகவே எஞ்சியிருக்க, கிழக்கே குருவிட்ட, எரத்ன வழியாக நிலம் படிப்படியாக உயர்ந்து சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த பெருங்காட்டை அடைகிறது. ஈரவலயத்தின் தாழ்ந்த சரிவுகளில் கேளையாடு என்னும் குரைக்கும் மானும் முயலளவே உள்ள சருகுமானும் வாழ்கின்றன. பெருங்காட்டையும் அதன் ஓரங்களையும் சார்ந்து வாழ்வது மரை. தமிழ்நாட்டு வாசகர் கடமான் என்றும் மிளா என்றும் அறிந்த இம்மானே இலங்கையின் மிகப் பெரிய மான். 1792இல் ரொபர்ட் கெர் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொண்டதும் இலங்கை மரையையே.

கொம்பின் கணக்கு

மாட்டின் கொம்பு, எலும்பாலான உட்பகுதியின்மேல் நகத்தை ஒத்த பொருளாலான உறை படிந்து, ஆயுள் முழுவதும் தலையில் நிலைத்திருப்பது. மானின் கொம்பு முழுவதும் எலும்பாக இருப்பதோடு, உதிர்ந்து உதிர்ந்து மீண்டும் முளைப்பது. நெற்றி எலும்பிலிருந்து மேலெழும் குட்டையான எலும்புத் தண்டு ஒன்று, கொம்படி எனலாம், இதற்குத் தளமாக அமைகிறது. வளரும் கொம்பைக் குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டெரோன் உடலில் உயரும்போது எலும்பு இறுகி, அத்தோல் காய்ந்து உரிய, மான் மரங்களில் தேய்த்து அதனைக் களைகிறது. பின்னர் அச்சுரப்பின் அளவு தாழும்போது கொம்படிக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள எலும்பு அரிக்கப்பட்டுக் கொம்பு விழுகிறது. விழுந்த கொம்பைச் சுண்ணச் சத்துக்காக முள்ளம்பன்றிகள் கொறித்துத் தீர்ப்பதால் அது காட்டில் நெடுநாள் கிடப்பதுமில்லை.

குளிர்நாட்டு மான்களில் இச்சுழற்சியைப் பகற்பொழுதின் நீளம் நெறிப்படுத்துவதால், ஒரு நாட்டின் ஆண் மான்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இலங்கையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. ஒரே காலத்தில் ஓர் ஆண் இறுகிய கொம்போடும் இன்னொன்று தோல் போர்த்த இளங்கொம்போடும் காணப்படலாம். ஆகவே ஒரு நாள் காணக் கிடைத்த கொம்பின் நிலையை மட்டும் வைத்து அந்த விலங்கைப் பற்றி முடிவு கூறுவது இங்கு மேலும் கடினமாகிறது.

கிளைகளை எண்ணி வயது கூறும் வழக்கம் மான் வேட்டை நடந்த நாடுகள் பலவற்றில் உண்டு. மரையில் அவ்வழக்கம் விரைவிலேயே பொய்த்துவிடுகிறது. முதற் கொம்பு கிளையற்ற ஈட்டியாகவும் அடுத்தது கவைபட்டும் வளர்ந்து, பொதுவாக நான்காம் ஆண்டளவில் பக்கத்துக்கு மூன்று முனைகள் கொண்ட முழு அமைப்பை எட்டுகிறது. நெற்றிக்கு மேலே முன்னோக்கி எழும் ஒரு கிளையும் உச்சியில் இரண்டாகப் பிரியும் கவையுமே அந்த மூன்று. அதன்பின் முனைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஐந்து வயது ஆணும் பத்து வயது ஆணும் ஒரே ஆறு முனைகளையே சுமப்பதால், எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நடுவயதில் நீளமும் பருமனும் உச்சத்தை அடைந்து, முதுமையில் நுனி மெலிந்து, கிளை குறுகி, இடவலச் சமநிலை குலைவது உண்மையே. எனினும் ஊட்டக் குறைவும் ஒட்டுண்ணியும் வளரும் காலத்துக் காயமும் இளம் ஆணின் கொம்பிலும் இதே குறைகளைத் தோற்றுவிக்க வல்லவை.

கொம்பைவிட அது நிற்கும் தளம் நம்பத் தகுந்த சாட்சி. ஒவ்வொரு முறை கொம்பு விழும்போதும் கொம்படியின் மேற்பகுதியிலிருந்து மெல்லிய எலும்புப் படலம் ஒன்று அதனோடு போய்விடுகிறது. இழந்த உயரம் மீள்வதில்லை, ஆனால் தண்டு ஆண்டுக்காண்டு பருக்கிறது. இளம் ஆணின் தலையில் கொம்பு ஒரு மெல்லிய காலின்மேல் நிற்பதுபோலத் தோன்ற, முதிய ஆணின் தலையில் அது மண்டையோட்டிலிருந்தே புறப்பட்டதுபோல அகன்று உட்கார்ந்திருக்கும். உடலும் சில குறிகளைத் தருகிறது: மயிர் கருமை கலந்த பழுப்பாகி, கழுத்துப் பிடரி தடித்து, முதுகு குழிந்து, வயிறு தாழ்ந்து, கழுத்து நேரே மார்பில் கலப்பதுபோலத் தெரிகிறது. ஆயினும் இவையனைத்தும் ஒப்பீட்டுக் குறிகளே. இளையது எது, மூத்தது எது என்று கூறப் பயன்படுமேயன்றி ஆண்டுக் கணக்கைத் தரமாட்டா.

பல்லின் பதிவேடு

ஆண்டுக் கணக்கை நெருங்க விரும்புவோர் தாடையைத் திறந்து பார்க்க வேண்டும். மானுக்கு மேல்தாடையில் வெட்டும் பற்கள் இல்லை. கீழ்த்தாடையின் முன்பற்கள் மேலுள்ள கடினமான ஈறில் அழுந்திப் புல்லைப் பறிக்க, அரைக்கும் வேலை முழுவதும் பக்கத்துக்கு ஆறாக அமைந்த கடைவாய்ப் பற்களின்மேல் விழுகிறது. இளம் மானின் கீழ்த்தாடையில் முன்னிருந்து மூன்றாவதாக உள்ள கடைவாய்ப் பல் மூன்று மடல் கொண்ட பாற்பல். அது விழுந்து இரண்டு மடல் கொண்ட நிலைப்பல் முளைப்பது, குட்டிப் பருவம் கழிந்ததைத் தெளிவாக அறிவிக்கும் குறி. அதற்குப் பின்னர் தேய்மானமே அளவுகோலாகிறது. பல்லின் மேற்புறத்தில் வெண்ணிற எனாமல் கூரிய வரம்புகளாகவும், அவற்றிடையே டென்டீன் எனப்படும் மென்மையான உட்பொருள் பழுப்பு நிறக் கோடுகளாகவும் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வரம்புகள் தேய்ந்து, பழுப்புக் கோடு எனாமலைவிட அகன்று, இறுதியில் பல் வழவழப்பான குழிந்த தட்டாகிறது. எல்லாவற்றுக்கும் முன்பே முளைத்து நீண்ட காலம் அரைத்த முதலாம் பெருங்கடைவாய்ப் பல்லே முதலில் இந்நிலையை அடைவதால், ஆய்வாளரின் பார்வை முதலில் அதன்மேல்தான் விழும். 1949இல் செவரிங்ஹவுஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெள்ளைவால் மான்களுக்கு இம்முறையைப் படிப்படியாக வரையறுத்து வெளியிட்டதைத் தொடர்ந்து, மான் ஆய்வு நடக்கும் நாடுகளில் அது பரவலான கருவியாயிற்று.

இதனினும் நுட்பமான முறை, பல்லின் வேரைச் சுற்றிப் படியும் பற்சீமெந்தைக் குறுக்காக வெட்டி நுண்காட்டியில் பார்ப்பது. உணவு வளமான காலத்தில் அகன்ற படலமும் வறட்சியான காலத்தில் மெல்லிய கருங்கோடும் மாறி மாறிப் படிவதால், கோடுகளை எண்ணி வயதை அறிய முடிகிறது. கடல் பாலூட்டிகளில் முதலில் கையாளப்பட்ட இம்முறை 1960களில் மான்களுக்கும் விரிந்தது. பனிக்காலம் கடுமையாக உள்ள நாடுகளில் கோடுகள் துலக்கமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் இடைப்பருவ மழையும் ஆண்டின் பெரும்பகுதியை நனைத்துவிடுகிற சப்ரகமுவ போன்ற ஈரவலயத்தில், புல் முற்றாகக் காயும் பருவம் என்று ஒன்று இல்லாமையால், அத்தகைய துலக்கத்தை எதிர்பார்க்க முடியாது. பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த விலங்குகளின் தாடைகளை ஒப்புநோக்குக்கு வைத்துக்கொண்ட பிறகே இங்கு எந்த முறையையும் நம்பிக் கையாள இயலும்.

பல் வயதைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. வயதை முடித்துவைப்பதும் பெரும்பாலும் அதுவே. மரை விழுங்கிய தழை இரைப்பையின் முதல் அறையில் ஊறி, அசைபோடுவதற்காக மீண்டும் வாய்க்கு வந்து, நுண்ணிய துகளாக அரைபட்ட பின்னரே அடுத்த அறைக்குச் செல்லும். பற்கள் வழவழப்பானதும் துகள்கள் பெரிதாகவே தங்கிவிட, இரைப்பை நிறைந்திருந்தும் உடலுக்குக் கிடைக்கும் சத்துக் குறைகிறது. தேய்ந்த அம்மியைக் கொத்துவித்து மீண்டும் அரைக்கலாம். மரையின் பல்லுக்கு அந்த வழி இல்லை. முதிய ஆண் மெலிவதற்கும், அதனால் கொம்பு சிறுப்பதற்கும், நோயையும் எதிரியையும் தாங்கும் வலு குன்றுவதற்கும் இத்தேய்மானம் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. காட்டில் 12 வயதைத் தாண்டும் மரை அரிதாக இருக்க, மென்மையான தீனியும் பாதுகாப்பும் கிடைக்கும் விலங்குக் காட்சிச்சாலைகளில் 20 ஆண்டுகளைக் கடந்தவை இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

ரம் தீவின் ஆண்கள்

ஆண் மானின் முதுமை பற்றிய மிகத் தெளிவான அறிவு, முன்னர் வேட்டைப் பண்ணையாக இருந்த ஒரு நிலத்திலிருந்தே கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ரம் தீவு, செல்வந்தக் குடும்பம் ஒன்று செந்நிற மான்களைச் சுடுவதற்காக வைத்திருந்த சொத்து. 1957இல் பிரித்தானிய இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் அதனை வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் தீவின் வடபகுதியில் சுடுவது நிறுத்தப்பட, ரிம் குளற்றன்-புரொக்கும் அவருடைய துணைவர்களும் அங்குள்ள ஒவ்வொரு மானையும் தனித்தனியே அடையாளம் கண்டு, பிறப்பு, இணைசேர்ப்பு, இறப்பு ஆகியவற்றைப் பதியத் தொடங்கினர். தலைமுறை தாண்டி இன்றும் தொடரும் அந்தப் பதிவேடு, காட்டு விலங்கொன்றின் முழு வாழ்வையும் எழுத்தில் கொண்ட அரிய ஆவணங்களுள் ஒன்று.

அதன்படி, செந்நிற ஆண் மான் இளமையில் வலு சேர்த்து, ஏறத்தாழ 7 முதல் 10 வயது வரையான சில ஆண்டுகளிலேயே தன் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தையாகிறது. அதன்பின் அது காத்துநிற்கும் பெண்களின் தொகை குறைந்து, 12 வயதைக் கடந்து வாழும் ஆண்கள் மிகச் சிலவாகின்றன. இணைசேரும் பருவத்தில் ஆண் உண்பதையே பெரிதும் விட்டுவிட்டு முழக்கமிட்டும் போரிட்டும் தன் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழக்கிறது என்பதை நோக்கும்போது இச்சரிவு வியப்பளிக்காது. உடலின் எல்லாப் பண்புகளும் ஒரே வயதில் ஒரே வேகத்தில் சரிவதில்லை என்பதும், இளமையில் பெருந்திரளான பெண்களைக் காத்துப் போராடிய ஆண்கள் பிற்காலத்தில் விரைவாகத் தளர்கின்றன என்பதும் அதே பதிவேட்டிலிருந்து வெளிப்பட்டவை.

இதன் கோட்பாட்டு அடிப்படையைப் பீற்றர் மெடவார் 1952இல் வகுத்திருந்தார். முதுமை இல்லாத உயிர்கூட விபத்தாலும் எதிரியாலும் ஒரு நாள் இறந்தே தீரும் என்பதால், பிந்திய வயதை எட்டுவோர் எப்போதும் சிலராகவே இருப்பர். அந்த வயதில் மட்டும் தீங்கு செய்யும் மரபுக் குறைகளை இயற்கைத் தேர்வு களைவதற்கு வாய்ப்பே குறைவு. இளமையில் வெற்றியைத் தந்து முதுமையில் விலை கேட்கும் மரபணுவையும் அது தடுப்பதில்லை. ஆண் மானின் வாழ்வு அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்கூடாகக் காட்டுகிறது.

வேட்டைக்காரரே முதுமையைக் காக்க முன்வந்த நிலமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளைவால் மானின் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றரை வயதிலேயே, முதற் கொம்பு முளைத்த பருவத்திலேயே சுடப்பட்டு வந்தன. 1980களின் இறுதியிலிருந்து நில உரிமையாளர் பலர் இளம் ஆண்களைச் சுடாது விட்டு, காட்டில் பொருத்திய தானியங்கிக் கமெராக்களால் ஒரே ஆணை ஆண்டுக்காண்டு படம்பிடித்து, 5 முதல் 7 வயதில் கொம்பு உச்சமடைவதையும் பின்னர் குறைவதையும் தாமே கண்டனர். அவர்களுடைய நோக்கம் பெரிய கொம்பு என்றாலும், ஓர் ஆண் மான் எவ்வாறு முதிர்கிறது என்ற அறிவு அதனூடாகப் பரவிற்று.

வேட்டை நிலமாக இருந்த மலைநாடு

இலங்கை மலைநாட்டில் மரையின் நெடிய பகைவன் மனிதனே. இந்தியக் காடுகளில் மரையைக் கொல்லும் புலியும் செந்நாயும் இத்தீவில் இல்லை. சிறுத்தை குட்டிகளையும் இளசுகளையும் எளிதிற் பிடிக்குமெனினும், முழு வளர்ச்சியடைந்து 200 கிலோவைத் தாண்டிய ஆணை வீழ்த்துவது அதற்கும் இலகுவான காரியமன்று. அவ்வாறாயின் முதிய ஆண்கள் இங்கு ஓரளவேனும் இயல்பாகக் காணப்பட வேண்டும். அதற்கு மனிதரின் வேட்டை இடம் தரவில்லை. 1840களின் பிற்பகுதியிலிருந்து நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்க் கூட்டத்தை ஏவி மரையை விரட்டி, அது ஓடைக்குள் இறங்கித் திரும்பி நின்று எதிர்க்கும்போது கத்தியால் கொல்லும் வேட்டையை 1854இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். தோட்டத் துரைமாருக்கு அது பெரும் பொழுதுபோக்காக நீடித்தது. காடு கோப்பியாகவும் பின்னர் தேயிலையாகவும் மாறியபோது மரையின் வாழிடமும் சுருங்கியது.

வேட்டை விலங்கு குறைவதைக் கண்டு கவலை கொண்டோர் 1894இல் இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் தொடர்ச்சியே. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் வேட்டையை ஒடுக்கின. இன்று மரையைக் கொல்வதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றம். பேக்கர் காலத்து வேட்டைக்களங்களுள் ஒன்றான ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபின், திறந்த புல்வெளியில் மனிதரை அஞ்சாது மேயும் முதிர்ந்த ஆண்களைப் பார்வையாளர் எளிதில் காண்கின்றனர். கொம்பின் வளைவு, காது கிழிந்த விதம், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஆணை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியும். கொம்பு விழுந்து மீண்டும் வளரும்போதும் அதன் தனிப்பட்ட வடிவம் பெரும்பாலும் திரும்ப வருவதால், பல ஆண்டுப் படங்களை அடுக்கி வைத்து ஒரே ஆணைப் பின்தொடர்வது சாத்தியமே.

கம்பிச் சுருக்கும் வயதின் கணக்கும்

சட்டபூர்வமான வேட்டை முடிந்தபின்னும் தோட்டங்களின் ஓரத்தில் வேட்டை முடியவில்லை. மரக்கறித் தோட்டத்தைக் கிண்டும் காட்டுப்பன்றிக்காகவும் இறைச்சிக்காகவும், விலங்கு நடக்கும் தடத்தில் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி போன்ற கம்பியால் சுருக்கு வைக்கப்படுகிறது. சுருக்கு எதையும் தெரிந்தெடுப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் கேளையாடும் மரையும் சிறுத்தையும் அகப்படுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் தோட்டமொன்றின் எல்லைக்குள் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாட்களில் இறந்தமை நாடறிந்த செய்தி. நல்லதண்ணியும் எரத்னவும் சிவனொளிபாதமலையின் இரு வேறு பக்கங்களில் அமைந்த அடிவாரங்கள். இடையில் உள்ளது ஒரே காடு.

இத்தகைய இழப்பு சிறிதாகத் தோன்றினாலும் முதுமையை எவ்வளவு விரைவாக அழித்துவிடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு தெளிவாக்கும். நான்கு வயதான 100 ஆண் மரைகள் இருப்பதாகவும், ஒவ்வோர் ஆண்டும் அவற்றில் 80 வீதம் பிழைப்பதாகவும் கொண்டால், ஆறு ஆண்டுகள் கழித்து 26 ஆண்கள் பத்து வயதை எட்டும். சுருக்கினால் ஆண்டுப் பிழைப்பு 70 வீதமாகத் தாழ்ந்தால் அத்தொகை 12 ஆகவும், 60 வீதமாகத் தாழ்ந்தால் 5க்கும் குறைவாகவும் ஆகிவிடும். இதே காலத்தில் பெண்கள் ஈன்றுகொண்டே இருப்பதால் மொத்தத் தொகை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியாமலிருக்கலாம். குளம்படியையும் புழுக்கையையும் எண்ணும் கணக்கெடுப்பு, மரை இருக்கிறது என்ற நிறைவையே தரும். முதிர்ந்த ஆண்கள் காணாமற்போனதை அந்தக் கணக்கெடுப்பு காட்டாது.

ஆதலால் ஒரு காட்டில் வேட்டை உண்மையில் ஓய்ந்ததா என்று அறிய விரும்புவோர், மரைகள் எத்தனை என்பதோடு அவற்றின் வயது என்ன என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவையான பொருள்கள் பெரும் செலவு கோருவனவல்ல. டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தையை ஆராய்வோர் வைத்துவரும் தானியங்கிக் கமெராக்களைப் போன்றவை எஹலியகொட, குருவிட்டக் காட்டோரங்களிலும் இருந்தால், அவற்றில் தற்செயலாகப் பதிவாகும் ஆண் மரைகளைத் தனித்தனியே அடையாளமிட்டு ஆண்டுதோறும் தொடரலாம். சுருக்கில் இறந்தவை, வீதியில் அடிபட்டவை, வழக்கில் கைப்பற்றப்பட்டவை ஆகியவற்றின் கீழ்த்தாடைகளைப் புதைத்துவிடாமல் இடமும் திகதியும் எழுதிச் சேர்த்து வைக்கலாம். அத்தகைய தொகுதியில் உள்ளவை பெரும்பாலும் கூர்மையான எனாமல் வரம்பு கொண்ட இளம் தாடைகளாக இருக்குமானால், அம்மலைச் சரிவு இன்னும் வேட்டை நிலமே. தேய்ந்து தட்டையான முதலாம் பெருங்கடைவாய்ப் பல்லோடு கூடிய தாடைகள் அவற்றிடையே ஆண்டுக்காண்டு கூடிவருமானால், சட்டம் தாளிலிருந்து தடத்துக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.